தலைமையாசிரியரின் வகுப்பறை மேற்பார்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகுப்புக்குள் போய்ப் பார்க்க வேண்டியவர்களும், பார்க்கப்படும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முதல்வர், அதிபர், தலைமையாசிரியர் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். இங்கே தலைமையாசிரியர் என்றே எழுதியிருக்கிறோம்.

1. வகுப்பறை மேற்பார்வை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இந்த ஒரே பெயரில் நான்கு வேலைகள் நடக்கின்றன. பாடக்குறிப்பையும் மாணவர் நோட்டுகளையும் வாங்கிப் பார்ப்பது ஒன்று. 5 முதல் 10 நிமிடம் வகுப்பில் தலைகாட்டிவிட்டு வரும் சுற்று இன்னொன்று. ஒரு பாடவேளை முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து, பிறகு ஆசிரியரோடு பேசுவது மூன்றாவது; கீழே கவனிப்பு என்பது இதைத்தான். ஆண்டு முடிவில் தரம் போடுவது நான்காவது. இவற்றைக் கலக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. பத்து நிமிடச் சுற்றில் கண்ணில் பட்டதை வைத்துத் தரம் போட்டுவிடுவார்கள். தரம் போட வந்தவரோ "சும்மா உதவிக்குத்தான் வந்தேன்" என்பார். இன்று எந்த வேலைக்கு வருகிறோம் என்பதை வாசற்படி தாண்டும் முன்பே ஆசிரியருக்குச் சொல்லிவிட வேண்டும்.

2. படிவம் ஒன்று, பயிற்சி ஒன்று. அப்படியும் இரண்டு தலைமையாசிரியர்கள் ஒரே வகுப்பில் வேறு வேறு விஷயங்களைப் பார்க்கிறார்களே, ஏன்?

நேரம், பாட அறிவு, படிவத்தின் அமைப்பு, ஆசிரியரோடு உள்ள உறவு, தான் வகுப்பெடுத்த காலத்துப் பழக்கம் என்று காரணங்கள் பல. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: எழுதப்போகும் தாளை அடுத்து யார் படிக்கப் போகிறார்?

மேலதிகாரி படிப்பார் என்றால் கை தானாகவே பாதுகாப்பான சொற்களுக்குப் போகும்: "வகுப்பு ஒழுங்கு நன்று", "துணைக்கருவி பயன்படுத்தினார்". பதவி உயர்வுக் கோப்பில் சேரும் என்றால் யாருக்கும் வம்பு வராத சொற்கள். அலமாரிக்குப் போகும், யாருமே படிக்க மாட்டார்கள் என்றால் போன ஆண்டின் வாசகமே தேதி மாறி வரும். அந்த ஆசிரியர்தான், அதுவும் இன்று மாலையே படிக்கப் போகிறார் என்றால் "மூன்றாவது கணக்கில் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள்" என்று வரும். எழுதுவதற்கு ஏற்றபடிதான் பார்வையும் போகிறது. கணக்கில் யார் நின்றார்கள் என்று எழுத வேண்டியவர் நோட்டைப் பார்ப்பார். துணைக்கருவி பற்றி எழுத வேண்டியவர் சுவரைப் பார்ப்பார். கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இந்தக் கேள்வி மறுபடி தலைதூக்கும்.

3. நேரம் இல்லை என்கிறார்கள். உண்மையா, சாக்கா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முறையான ஒரு கவனிப்புக்கு முன் சந்திப்பு 10 நிமிடம், வகுப்பில் 40 நிமிடம், குறிப்பை ஒழுங்குபடுத்த 15 நிமிடம், பின் உரையாடல் 20 நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 85 நிமிடம். 30 ஆசிரியர்களை ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தால் 60 கவனிப்பு, 85 மணி நேரம். 200 வேலை நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்கு 25 நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த 25 நிமிடத்தைத் தினமும் கிள்ளிக் கிள்ளி எடுக்க முடியாது. மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒரு முழுப் பாடவேளை, குறித்த மணிக்கு, தடையில்லாமல் வேண்டும். தலைமையாசிரியரின் நாள் துண்டு துண்டாக உடைந்தது. பெற்றோர் ஒருவர் வந்து நிற்பார், மேலிடத்திலிருந்து அவசரத் தகவல் கேட்பார்கள், ஒரு ஆசிரியர் வரவில்லை, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். எனவே சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மணிக்கணக்கு போதும், தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை என்பதே உண்மை நிலை.

அமெரிக்காவில் ஜேசன் கிரிசம், சூசன்னா லோப், பெஞ்சமின் மாஸ்டர் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நகர்ப்புறப் பள்ளிகளின் சுமார் 100 தலைமையாசிரியர்களை மூன்று கல்வியாண்டுகளில் நாள் முழுக்கப் பின்தொடர்ந்து நேரத்தைக் குறித்தார்கள். கற்பித்தல் தொடர்பான வேலைகளுக்குப் போனது 12.7 விழுக்காடு. எட்டு மணி நேர நாளில் அது ஒரு மணி நேரம்.

நடைமுறையில் பலன் தருவது இது: வாரத்துக்கு இரண்டு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே தலைமையாசிரியர் பெயரில் போடுங்கள், எந்த வகுப்பு என்பது உட்பட. அந்த 40 நிமிடம் வாசலில் யாரை யார் சமாளிப்பது என்பதையும் பெயரோடு எழுதிவையுங்கள். இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டால் முதல் வரி இரண்டு வாரம்கூடத் தாங்காது. பின் உரையாடலின் நேரத்தைக் கவனிப்பு நாளைக் குறிக்கும்போதே குறித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் முதலில் அடிபடுவது அதுதான்.

4. ஒருவர் எத்தனை ஆசிரியர்களைப் பார்க்கலாம்?

மேலே சொன்ன கணக்குப்படி, வாரத்துக்கு இரண்டு கவனிப்பு, 40 வாரம் என்றால் 80. இதில் நான்கில் ஒன்று நழுவும் என்று வைத்தால் 60, அதாவது 30 ஆசிரியர்களுக்கு இரண்டு முறை. அதற்கு மேல் போனால் துணைத் தலைமையாசிரியரோடும் பாடத் தலைவர்களோடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பங்கிடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. "சிக்கலான" ஆசிரியர்களைத் தலைமையாசிரியர் எடுத்துக்கொள்வார், மற்றவர்களைத் துணைவர் பார்ப்பார். ஒரு மாதத்துக்குள் பள்ளி முழுக்க அந்தப் பட்டியல் தெரிந்துவிடும். தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்தாலே ஏதோ புகார் என்றாகிவிடும். வகுப்பு வாரியாகவோ பாட வாரியாகவோ பிரித்து, ஆண்டின் பாதியில் மாற்றிக்கொள்வது நல்லது.

5. எனக்குத் தெரியாத பாடத்தின் வகுப்பில் நான் எதைப் பார்க்க முடியும்?

நிறையப் பார்க்கலாம், ஆனால் முக்கியமான ஒன்று தப்பிப்போகும். யார் பேசுகிறார்கள், எத்தனை பேர் எழுதுகிறார்கள், கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார், செய்யச் சொன்னது பிள்ளைகளுக்குப் புரிந்ததா ஆகியவற்றுக்குப் பாட அறிவு தேவையில்லை. விளக்கம் சரியா, வரிசை சரியா, மாணவர் சொன்ன தவறான பதிலுக்குள் என்ன எண்ணம் ஒளிந்திருக்கிறது என்பதற்குத் தேவை.

பின்னக் கூட்டல் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1/2 + 1/3 எவ்வளவு என்றதற்கு ஒரு மாணவி 2/5 என்கிறாள். கணிதம் அறியாதவர் காதில் இது ஒரு தவறான பதில், அவ்வளவுதான். கணிதம் கற்பித்தவருக்கோ அவள் மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டியிருக்கிறாள் என்பது உடனே தெரியும். 2/5 என்பது 1/2-ஐ விடச் சிறியது, கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டிருந்தால் அவளே தன் தவறைப் பிடித்திருப்பாள் என்பதும் தெரியும். அந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்டாரா இல்லையா என்பதே அந்த வகுப்பின் உயிர்நாடி. பாடம் தெரியாத பார்வையாளர் அதே நொடியில் கரும்பலகையில் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணுக்குப் பிடிபடுவதைத்தானே எவரும் எழுத முடியும்.

இதற்கு மாற்று, முந்தைய நாள் 15 நிமிடம். பாடத் தலைவரிடமோ அந்த ஆசிரியரிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாடத்தின் மையக் கருத்து என்ன? பிள்ளைகள் வழக்கமாக எங்கே தவறுவார்கள்? புரிந்துகொண்ட பிள்ளையின் பதில் எப்படி இருக்கும்? பாடநூலில் அந்தப் பக்கத்தையும், அதற்கு முந்தைய பக்கத்தையும் படித்துவிட்டுப் போங்கள். மேல்வகுப்பு இயற்பியல் போன்றவற்றுக்கு இதுவும் போதாது. பாடத் தலைவரைக் கூட அழைத்துப் போய், பாடம் பற்றிய பேச்சை அவரிடம் விட்டுவிடுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

6. படிவம் எப்படி இருக்க வேண்டும்? எங்கள் படிவத்தில் 42 கட்டங்கள் உள்ளன.

40 நிமிடத்தில் 42 கட்டம் என்றால் ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அப்படிப்பட்ட படிவத்தை யாரும் வகுப்பில் நிரப்புவதில்லை. வெளியே வந்தபின், ஆசிரியரைப் பற்றி முன்பே மனதில் இருக்கும் எண்ணத்தை வைத்துக் கடகடவென்று டிக் அடிப்பார்கள். நல்ல ஆசிரியர் என்ற எண்ணம் இருந்தால் 42-லும் நன்று. இன்னொரு கேடும் உண்டு. பாடக்குறிப்பு இருக்கிறதா, வருகைப்பதிவு எடுத்தாரா, அறை சுத்தமா என்று எளிதில் டிக் அடிக்கத்தக்கவை கட்டங்களை நிறைத்துவிடும். ஆசிரியர்களும் விவரமானவர்கள்தான், கட்டத்துக்கு ஏற்ற வகுப்பை நடத்திக் காட்டுவார்கள்.

மேலிடம் கட்டாயமாக்கிய படிவம் என்றால் நிரப்பித்தான் ஆக வேண்டும்; அதை அறைக்குத் திரும்பியபின் நிரப்புங்கள். வகுப்புக்குள் எடுத்துப்போக ஒரு வெற்றுத் தாள் போதும். இடப்பக்கம் நேரம், நடுவில் நடந்தது, வலப்பக்கம் உங்கள் கேள்வி. வலப்பக்கத்தை வகுப்பு முடியும்வரை காலியாக விட்டுவைப்பது நல்ல பழக்கம். ஒரு வருகைக்கு இரண்டு விஷயங்களுக்கு மேல் கவனிக்க முற்படாதீர்கள்.

7. அந்தத் தாளில் எப்படி எழுதுவது? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

முன்சொன்ன பின்னக் கூட்டல் வகுப்பையே வைத்துக்கொள்வோம்:

10.05 – பலகையில் 1/2 + 1/3. "யார் சொல்றீங்க?" ஒரு நொடி. மூன்றாம் வரிசை மாணவி: "2/5".
10.05 – ஆசிரியர்: "இல்ல. வேற யாரு?"
10.06 – முதல் வரிசை மாணவன்: "5/6". ஆசிரியர்: "சரி, உட்காரு." பலகையில் 5/6 எழுதுகிறார்.
10.07 – 1/4 + 2/3, நோட்டில் போடச் சொல்கிறார்.
10.11 – நான் பார்த்த 9 நோட்டுகளில் 4-இல் 3/7.

இதையே "மாணவர் பங்கேற்பு உண்டு, தவறுகளைத் திருத்தினார், பயிற்சி அளித்தார்" என்றும் எழுதலாம். மூன்றும் பொய்யில்லை, மூன்றாலும் ஆசிரியருக்கு ஒரு காசு பயனில்லை. மேலே உள்ள ஐந்து வரியில் "நன்று", "குறை" என்ற சொல்லே கிடையாது. ஆனால் 10.05-க்கும் 10.11-க்கும் உள்ள தொடர்பை ஆசிரியர் தானே கண்டுபிடித்துவிடுவார்.

எண்ணிக் குறிப்பதும் உதவும். வகுப்பின் இருக்கை வரைபடத்தை எடுத்துப் போய், கேள்வி யாரிடம் போனதோ அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். 24 கேள்விகளில் 17 முதல் இரண்டு வரிசைக்கே போயிருந்தால் படமே பேசிவிடும். பொறுக்கும் நேரத்தை மனதுக்குள் எண்ணியே குறிக்கலாம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் காட்டியது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, "தெரியாது" குறைகிறது. நெட் ஃபிளாண்டர்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வாளரின் முறையில் வகுப்பில் நடக்கும் பேச்சை 10 வகையாகப் பிரித்து மூன்று நொடிக்கு ஒரு குறி போடுவார்கள். 40 நிமிடத்துக்கு 800 குறி. பயிற்சி இல்லாமல் அதில் இறங்கினால் எழுதுகிற அவசரத்தில் வகுப்பையே பார்க்க மாட்டீர்கள்.

8. முன் சந்திப்பு அவசியமா?

அவசியம். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மோரிஸ் கோகனும் அவரோடு இருந்தவர்களும் ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு மேற்பார்வை முறையை உருவாக்கினார்கள். ராபர்ட் கோல்ட்ஹாமர் 1969-இல் அதை ஐந்து கட்டங்களாக எழுதினார்: முன் சந்திப்பு, கவனிப்பு, பகுப்பாய்வு, பின் சந்திப்பு, கடைசியாக அந்தச் சந்திப்பு எப்படி நடந்தது என்பதன் அலசல். பள்ளிகளுக்குள் வந்தபோது ஐந்தாவது முதலில் காணாமல் போனது, அடுத்து முதலாவது. இரண்டாவதும் நான்காவதும் மட்டும் தங்கின. பல இடங்களில் இரண்டாவது மட்டும்.

முன் சந்திப்பில் 10 நிமிடம் போதும். நாளைய பாடம் எது, எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறக்கூடும், நான் எதைக் குறித்துக்கொண்டால் உங்களுக்கு உதவும் என்று மூன்றே கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு முதல் முறை "எல்லாவற்றையும் பாருங்கள் சார்" என்றுதான் பதில் வரும். விடாமல், "அப்படியென்றால் யார் யார் பதில் சொல்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டுமா, டீச்சர்?" என்று குறுக்கிக் கேளுங்கள்.

9. முன்கூட்டிச் சொன்னால் ஜோடித்த வகுப்பைத்தானே பார்ப்போம்?

ஜோடித்திருப்பார்கள்தான். கேட்ஸ் அறக்கட்டளையின் பெரிய ஆய்வுத் திட்டம் ஒன்றில் திரட்டிய வகுப்புக் காணொளிகளை வைத்து ஆண்ட்ரூ ஹோ, தாமஸ் கேன் இருவரும் 2013-இல் இதைச் சோதித்தார்கள். ஆசிரியர்கள் தாங்களே தேர்ந்து கொடுத்த பாடங்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றன. ஆனால் யார் மேலே யார் கீழே என்ற வரிசை பெரிதாக மாறவில்லை. ஜோடித்த வகுப்பும் அவரவர் திறமைக்கு உட்பட்டதுதான்.

சொல்லாமல் போனால் சாதாரண நாளைப் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் அன்று அவர் தேர்வுத்தாள் கொடுத்துக்கொண்டிருக்கலாம், அல்லது வராத ஆசிரியர் ஒருவரின் வகுப்பையும் சேர்த்து 70 பேரை வைத்துக்கொண்டிருக்கலாம். முறையான கவனிப்புக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், குறுகிய சுற்றுக்குச் சொல்லத் தேவையில்லை. கதவு இடுக்கில் நின்று ஒட்டுக் கேட்பது மட்டும் வேண்டாம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த நம்பிக்கை ஒரே மதியத்தில் போய்விடும்.

10. தினமும் எல்லா வகுப்பையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். அது போதாதா?

கிரிசம் குழுவினரின் ஆய்வில் தலைமையாசிரியர்கள் கற்பித்தலுக்காகச் செலவிட்ட நேரத்தில் அதிகம் போனது இந்தச் சுற்றுக்குத்தான். கூடவே வந்த முடிவு பலருக்குக் கசந்தது. சுற்றுக்கு அதிக நேரம் கொடுத்த பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் கூடவில்லை. உயர்வகுப்புகளில் குறிப்பாக, எதிர்த்திசையில் இருந்தது. ஆசிரியருக்கு நேரடியாகப் பயிற்சி வழிகாட்டல் கொடுத்த நேரம் முன்னேற்றத்தோடு சேர்ந்து போனது. சுற்று கெடுதல் செய்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. தடுமாறும் பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் அதிகம் சுற்றுகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனால் சுற்றில் பார்த்ததை வைத்து யாரோடும் எதுவும் பேசவில்லை என்றால் அது நடைப்பயிற்சி.

சுற்றைப் பயனாக்க வேண்டுமானால் ஒரு வாரத்துக்கு ஒரே கேள்வியோடு போங்கள். இந்த வாரம் எல்லா வகுப்பிலும் "இப்போ என்ன செய்யுற, ஏன்?" என்று இரண்டு பிள்ளைகளிடம் மெதுவாகக் கேட்பது என்று வைத்துக்கொள்ளலாம். வார இறுதிக் கூட்டத்தில் யார் பெயரும் சொல்லாமல் தொகுத்துச் சொல்லுங்கள்.

11. பின் உரையாடலை எப்படி நடத்துவது? "நல்லா இருந்துச்சு" என்று முடிந்துவிடுகிறது.

இரண்டு நாளுக்குள் நடத்துங்கள். ஆசிரியரின் வகுப்பறையிலோ, பிள்ளைகள் இல்லாத வேறு அறையிலோ உட்காருங்கள். உங்கள் மேசைக்கு முன் அவரை உட்கார வைத்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். குறிப்புத் தாளை நடுவில் வையுங்கள். பிறகு பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

"ஒன்பது நோட்டு பார்த்தேன். நாலுல 3/7 இருந்தது. அந்தப் பிள்ளைங்க என்ன செஞ்சிருப்பாங்க?"
"மேல மேல கூட்டி, கீழ கீழ கூட்டியிருக்காங்க சார்."
"இதே தப்பு அதுக்கு முன்னாடி எங்கேயாவது வந்ததா, பாருங்க."
(தாளைப் பார்க்கிறார்.) "2/5... அப்பவே கேட்டிருக்கணும். பாடம் முடிக்கணுங்கற அவசரம்."
"நாளைக்கு அந்த நாலு பேருக்கு என்ன செய்யலாம்?"

இங்கே தலைமையாசிரியர் ஒரு குறையும் சொல்லவில்லை, ஆனால் எதையும் மூடிமறைக்கவும் இல்லை. முடிவில் ஒரே ஒரு செயல், ஒரு தேதி: "வியாழக்கிழமை, தவறான பதில் வந்தால் 'எப்படி வந்தது?' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் போவது." வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் போய் அதை மட்டும் பாருங்கள்.

பின்னூட்டம் எப்படியும் நல்லதே செய்யும் என்பது ஒரு மூடநம்பிக்கை. அவ்ரஹாம் குளூகர், ஆஞ்செலோ டினிசி இருவரும் 1996-இல் 607 அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரிப் பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் திரும்பும்போது பின்னூட்டம் வலுவிழக்கிறது என்பது அவர்கள் விளக்கம். "நீங்கள் பொறுமை இல்லாதவர்" என்பதற்கும் "ஒரு நொடிதான் பொறுத்தீர்கள்" என்பதற்கும் உள்ள தூரம் அதுதான். புகழ்ச்சிக்கும் இது பொருந்தும்.

12. தரம் போடும் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. வழிகாட்டியாகவும் இருக்க முடியுமா?

முடியும், ஆனால் எளிதில்லை. தரம் போடுகிறவரிடம் யாரும் தன் தடுமாற்றத்தைக் காட்ட மாட்டார்கள். தடுமாற்றத்தைப் பார்க்காமல் வழிகாட்ட முடியாது. ஓரளவு வேலை செய்யும் ஏற்பாடு: தாளையே இரண்டாகப் பிரித்துவிடுவது. வழிகாட்டும் வருகையின் குறிப்பு ஆசிரியரிடமே போகும், பள்ளிக் கோப்பில் ஏறாது. தரத்துக்கான வருகை தனி, அறிவித்த நாளில், அறிவித்த படிவத்தில். இதை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்து, ஒரு முறைகூட மீறாமல் இருந்தால்தான் நம்புவார்கள்.

தரம் போடும்போது கை ஏன் தாராளமாகிறது என்பதும் தெரிந்ததே. அமெரிக்காவில் 2009-இல் வந்த ஓர் அறிக்கைப்படி, திருப்தி, திருப்தியில்லை என்று இரண்டே நிலை வைத்திருந்த கல்வி மாவட்டங்களில் 99 விழுக்காட்டுக்கும் அதிகமான ஆசிரியர்கள் "திருப்தி" வாங்கியிருந்தார்கள். மேத்யூ கிராஃப்ட், அலிசன் கில்மோர் இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் தலைமையாசிரியர்கள் காரணத்தை ஒளிக்கவில்லை. குறைந்த தரம் போட்டால் அதற்கான ஆவணங்களைச் சேர்க்க நேரமில்லை, ஆசிரியர் சோர்ந்துவிடுவார், முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சம், அவர் போனால் பதிலுக்கு யார் வருவார் என்ற பயம்.

13. ஒரே ஒரு வகுப்பைப் பார்த்துத் தரம் போடலாமா?

கூடாது. மேலே சொன்ன கேட்ஸ் அறக்கட்டளைத் திட்டத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு பாடத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை அளவு, 1 முழுமை என்று வைத்தால், 0.4-ஐக்கூட எட்டவில்லை. நான்கு பாடங்களை வெவ்வேறு பேர் பார்த்தபோது நல்ல கவனிப்புப் படிவங்களில் 0.6-ஐத் தாண்டியது. ஒரே ஆள் நாலு முறை பார்ப்பதை விட இரண்டு பேர் இரண்டிரண்டு முறை பார்ப்பது மேல்.

இன்னொரு சாய்வும் கவனத்துக்கு உரியது. முன்பே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பின் ஆசிரியர்களுக்குக் கவனிப்பு மதிப்பெண் அதிகம் கிடைக்கிறது என்பதை அமெரிக்காவில் நான்கு மாவட்டத் தரவுகளை வைத்து 2014-இல் காட்டினார்கள். 'அ' பிரிவையும் 'ஈ' பிரிவையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். முடிந்தால் அதே ஆசிரியரை இரண்டு பிரிவிலும் பாருங்கள்.

14. என்னை விட மூத்தவரின் வகுப்பை எப்படிப் பார்ப்பது? நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்.

இது பலரையும் வகுப்பு வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பேசாமல் அவரைத் தவிர்த்துவிடுவார்கள். இளையவர்களை ஆண்டுக்கு நான்கு முறையும் மூத்தவரை ஒரு முறையும் பார்த்தால் அதை எல்லோரும் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். முதல் அடியாக உங்கள் வகுப்பை அவர் வந்து பார்க்கட்டும். நீங்கள் வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது எடுப்பவராக இருந்தால் இது சாத்தியம். அதே வெற்றுத் தாளை அவர் கையில் கொடுங்கள். "ஐயா, நீங்க பார்த்ததை அப்படியே எழுதுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்னதில் ஒன்றை அடுத்த வாரம் செய்தும் காட்டினால் பாதி இறுக்கம் தளரும். மீதி இருக்கத்தான் செய்யும்.

15. என் பாணியில் நடத்துபவர்களைத்தான் எனக்குப் பிடிக்கிறதோ?

பெரும்பாலும் ஆம். அமைதியான வகுப்பில் வளர்ந்தவருக்குச் சத்தம் ஒழுங்கின்மையாகவே தோன்றும். "நான் என்றால் இப்படிச் செய்திருப்பேன்" என்று பேனா எழுதத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, அருகில் இருக்கும் பிள்ளையின் நோட்டைப் பாருங்கள்.

16. புதிதாகச் சேர்ந்த ஆசிரியரை எப்போது பார்க்கலாம்?

முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை, 15 நிமிடம், எழுதாமல். பிறகு மாதத்துக்கு ஒன்று. முதல் வருகையே ஆண்டுத் தேர்வுக்கு முன் என்றால் தவறான பழக்கங்கள் அதற்குள் கெட்டிப்பட்டிருக்கும்.

17. ஆய்வு அதிகாரி வரப்போகிறார் என்றால் எல்லாம் மாறிவிடுகிறதே?

மாறும். தாளைப் படிக்கப்போகிறவர் மாறிவிட்டார் அல்லவா. அந்த வாரத்தில் கவனிப்பு வைத்துக்கொள்ளாதீர்கள். பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் வேறொருவருக்காக நடிப்பார்கள். விடுபட்ட பதிவுகளைப் பின்தேதியிட்டு நிரப்புவதை விட, "இத்தனை திட்டமிட்டோம், இத்தனை நடந்தது, இந்தக் காரணத்தால் விடுபட்டது" என்று ஒரு பக்கம் எழுதி வைப்பது பாதுகாப்பு. பின்தேதி எழுத்து பார்த்தவுடனே தெரியும். 20 தாளிலும் ஒரே மை, ஒரே வேகம்.

18. வகுப்பு நடக்கும்போது ஆசிரியர் தவறாகச் சொன்னால் குறுக்கிடலாமா?

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும். பாடத்தில் தவறு என்றால் வகுப்பு முடிந்தவுடன் தனியே சொல்லுங்கள், அடுத்த நாள் அவரே திருத்திக்கொள்ளட்டும். பிள்ளைகள் முன் திருத்தினால் அந்த வகுப்பு அவர் கையை விட்டுப் போகும்.

19. குறிப்பில் கையெழுத்திட ஆசிரியர் மறுத்தால்?

கையெழுத்து "படித்தேன்" என்பதற்கா, "ஒப்புக்கொள்கிறேன்" என்பதற்கா என்று தாளில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான மறுப்பு இந்தக் குழப்பத்தால் வருவது. "படித்தேன்" என்று அச்சிட்டு, கீழே ஆசிரியரின் கருத்துக்கு ஐந்தாறு வரி இடம் விடுங்கள். அதன் பிறகும் மறுத்தால் எந்த வரியில் தகராறு என்று கேளுங்கள். "ஆர்வமின்றி நடத்தினார்" போன்ற உங்கள் கருத்து என்றால் அதை அடித்துவிடலாம்; நேரத்தோடு எழுதிய நிகழ்வு என்றால் இருக்கட்டும். ஒரு பிரதி அவருக்கு, அன்றே.